முட்டி ஜவ்வு ஆபரேஷன்: உள்ளே வைத்த ஸ்க்ரூவும் பட்டனும் எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டி ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களில் கபடி ஆடி விழுந்தவர்களும் பைக்கில் சறுக்கியவர்களும்தான் அதிகம். தைப்பொங்கல் முடிந்ததும் மாடுபிடி வீரர்களும் சேர்ந்துகொள்வார்கள். எக்ஸ்ரே கவரை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "உள்ளே வைத்தது தாங்குமா?" ஓபி கூட்டத்தில் டாக்டருக்கு இதை விரிவாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் ஏசிஎல் என்கிற முன் சிலுவை ஜவ்வுக்குப் பதிலாக வைக்கும் கிராஃப்டை எலும்பில் எப்படிப் பிடித்து வைக்கிறார்கள், அந்தப் பிடிப்பு எவ்வளவு சுமை தாங்கும், எவ்வளவு காலம் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் முட்டிக்கான முடிவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கிழிந்த ஜவ்வையே தைத்துவிட முடியாதா?

எலும்பை ஒட்டிப் பிய்ந்திருந்தால் சிலருக்குத் தைக்கிறார்கள். நடுவில் நைந்து கிழிந்ததற்கு அது பெரும்பாலும் பலிப்பதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவம் ரத்தக்கட்டு உறைந்து நிற்க விடுவதில்லை, கிழிந்த முனைகள் சேர்வதும் இல்லை. அதனால் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, உடம்பில் வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை அந்தத் துளைகள் வழியாகச் செலுத்தி, இரண்டு முனைகளையும் இறுக்கிவிடுகிறார்கள். அப்படி வைத்த நாண்தான் கிராஃப்ட்.

கிராஃப்ட் எங்கிருந்து எடுப்பது? அசல் ஜவ்வு அளவுக்குப் பலமாக இருக்குமா?

நம் ஊரில் பெரும்பாலும் பின்தொடையின் ஹேம்ஸ்ட்ரிங் நாண். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது இன்னொரு முறை. சில்லுக்கு மேலே உள்ள நாற்றலைத் தசை நாணும் உண்டு. கணுக்காலுக்கு வெளிப்பக்கமாக ஓடும் பெரோனியஸ் லாங்கஸ் நாணை எடுப்பதும் இப்போது இந்தியாவில் நிறைய நடக்கிறது.

பலத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆய்வகத்தில் இழுவையை நியூட்டனில் அளப்பார்கள். சுமார் 10 நியூட்டன் என்பது ஒரு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இளவயதினரின் அசல் ஏசிஎல் சுமார் 2,160 நியூட்டன் வரை, அதாவது 220 கிலோவை ஒட்டித் தாங்கும் என்று 1991-ல் அளந்தார்கள். அதே ஆய்வில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் ஜவ்வு 660 நியூட்டனை ஒட்டியே அறுந்துவிட்டது. 10 மில்லிமீட்டர் அகலத்தில் எடுத்த சில்லு நாண் கிட்டத்தட்ட 3,000 தாங்கியது. நாலாக மடித்த ஹேம்ஸ்ட்ரிங், இழைகள் எல்லாம் சமமாக இழுபட்டால், 4,000-ஐத் தொட்டது.

ஆக, வைக்கிற அன்றைக்குக் கிராஃப்ட் அசலைவிடப் பலமானது. சந்தேகமே வேண்டாம்.

ஆனால் தடிமன் முக்கியம். 8 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் ஹேம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். உயரம் குறைந்தவர்களுக்கு நாணும் மெலிதாகவே கிடைக்கும். ஒரு நாணையே ஐந்து, ஆறு மடிப்பாக மடிப்பதும், பெரோனியஸுக்கு மாறுவதும் இதனால்தான்.

கிராஃப்ட் அவ்வளவு பலம் என்றால் ஏன் மூணு மாதம் "மெதுவா, மெதுவா" என்கிறீர்கள்?

அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள்: கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஈர மண்ணில் அடித்த முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டால் மாடு போய்விடும். முதல் சில வாரங்களில் உங்கள் முட்டியின் நிலைமை அதுதான். கிராஃப்ட் அறுவதற்கு வெகு முன்பே அதன் முனை எலும்பிலிருந்து வழுக்கிவிடும். 1987-ல் ஜப்பானிய மருத்துவர் குரோசாகாவும் அவருடன் இருந்தவர்களும் பல வகைப் பிடிப்புகளை இழுத்துப் பார்த்து இதைத்தான் காட்டினார்கள்: புதிதாக வைத்த ஜவ்வில் பலவீனமான இடம் நாண் இல்லை, அதைப் பிடித்திருக்கும் முனை.

எலும்பும் நாணும் தாமாக ஒட்டிக்கொள்ளும் வரை முழுச் சுமையும் அந்த ஸ்க்ரூ மேலும் பட்டன் மேலும்தான் விழுகிறது.

என்னென்ன வகைப் பிடிப்புகள் இருக்கின்றன?

இரண்டு தத்துவங்கள்தான், மற்றவை எல்லாம் அவற்றின் கிளைகள்.

ஒன்று, துளைக்குள்ளேயே நசுக்கிப் பிடிப்பது. கிராஃப்ட் துளைக்குள் போனதும் அதன் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவை ஏற்றுவார்கள். இன்டர்ஃபியரன்ஸ் ஸ்க்ரூ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பது இதுதான். ஸ்க்ரூ கிராஃப்டைத் துளையின் சுவரோடு அழுத்த, உராய்வால் அது நிற்கிறது. அதனால் பிடிப்பு முழுக்க எலும்பின் அடர்த்தியைச் சார்ந்தது. ஸ்க்ரூ தடிமனாக, நீளமாக இருந்தால் பிடி கூடும். துளைக்கும் கிராஃப்டுக்கும் இடைவெளி விழுந்தால் பிடி குறையும். துளையின் போக்கிலிருந்து ஸ்க்ரூ 30 டிகிரிக்கு மேல் விலகிப் போனால் கணிசமாகக் குறையும். எலும்புத் துண்டோடு எடுத்த கிராஃப்டுக்கு இது அருமையான முறை, ஏனென்றால் ஸ்க்ரூவின் மரை எலும்பையே கடித்துக்கொள்கிறது. வெறும் நாண் என்றால் மரை கடிக்க ஒன்றும் இல்லை, அழுத்தம் மட்டும்தான்.

இரண்டாவது, தொங்கவிட்டுப் பிடிப்பது. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் எளிதில் அறாத நார் வளையம், வளையத்தில் கிராஃப்ட். தகட்டை நீளவாக்கில் துளை வழியே இழுத்து, தொடை எலும்பின் வெளிப்பக்கம் வந்ததும் குறுக்காகத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் அது திரும்பி உள்ளே வர முடியாது. 1990-களின் தொடக்கத்தில் வந்த எண்டோபட்டன் இந்த வகையில் முன்னோடி. இங்கே சுமையை வாங்குவது எலும்பின் வெளி ஓடு. அது உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பைவிடப் பல மடங்கு கெட்டி.

வளையத்திலும் இரண்டு ரகம். அளவு மாறாத வளையம் ஒன்று. வைத்த பிறகு இழுத்துச் சுருக்கிக்கொள்ளும் வளையம் இன்னொன்று. சுருக்கும் வளையங்களில் சில மாடல்கள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப இழுக்கும்போது மெல்ல நீண்டுவிட்டன. ஆனால் நோயாளிகளிடம் பார்த்த பலன்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறிய துளைக்குள் நிறைய நாணை ஏற்றலாம் என்ற வசதி சுருக்கும் வளையத்துக்கு உண்டு.

சரி, இதில் எது பலம்? நேரடியாகச் சொல்லுங்கள்.

2003-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் மனித ஹேம்ஸ்ட்ரிங் நாண்களைப் பன்றி எலும்பில் பலவிதமாகப் பிடித்து, பிய்யும் வரை இழுத்தார்கள். தொடை எலும்புப் பக்கம் எண்டோபட்டன் சுமார் 1,086 நியூட்டன் தாங்கியது, ஒரு உலோக இன்டர்ஃபியரன்ஸ் ஸ்க்ரூ சுமார் 546. கீழ்க்கால் பக்கம், ஒரு உறையும் அதற்குள் ஏறும் ஸ்க்ரூவும் சேர்ந்த ஒரு வகை 1,330-ஐ எட்டியது. தனி ஸ்க்ரூக்களில் ஒன்று 470-ஐ ஒட்டியே நின்றுவிட்டது.

இந்த எண்களைப் பார்த்து "எனக்கு ஏன் ஸ்க்ரூ போட்டார்கள்?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது இளம் பன்றியின் கெட்டி எலும்பு, இழுத்தது இயந்திரம், ஒட்டுதல் என்ற விஷயமே அங்கே கிடையாது. இந்த வகைகள் எல்லாவற்றிலும் நன்றாக ஆனவர்கள் இருக்கிறார்கள். அனுபவத்தில் நான் பார்ப்பது, டாக்டருக்குக் கைவந்த முறைதான் நல்ல முறை. பிராண்டு அதற்கு அடுத்தபடி என்று சொல்லக்கூட மனம் வரவில்லை, அதற்கும் வெகு கீழே.

என் வேலைக்கு எவ்வளவு தாங்கினால் போதும்?

பழைய கணக்குகள்படி சமதளத்தில் நடக்கும்போது ஏசிஎல் மேல் விழும் இழுவை 170 நியூட்டனை ஒட்டி. படி ஏறும்போது அதைவிடக் குறைவு, 70-க்குள்தான். படி இறங்கும்போதுதான் 445-ஐத் தொடுகிறது. அன்றாட வேலைகளுக்கு 450-ஐத் தாங்கினால் போதும் என்று வெகுகாலமாக ஒரு அளவு வைத்திருப்பது இதனால்தான். திருப்பரங்குன்றம் மலைப் படியில் ஏறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம், இறங்கியது எப்படி என்றுதான் கேட்பேன்.

பிய்யும் அளவு 546, தேவை 450, அப்படியென்றால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

முட்டியை யாரும் ஒரே இழுப்பில் பிய்ப்பதில்லை. வீட்டுக்குள் நடப்பதே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள். ஒவ்வொரு அடியிலும் கிராஃப்ட் கொஞ்சம் இழுபட்டுத் தளர்கிறது. ஒரு முறைக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு வழுக்கினால்கூட, சேர்ந்து சேர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் வந்துவிடும். அதனால் ஆய்வகங்களில் முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மிதமாக இழுத்து எவ்வளவு வழுக்குகிறது என்று பார்த்துவிட்டு, பிறகுதான் பிய்க்கிறார்கள்.

ஏன் மில்லிமீட்டரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்? நல்ல காலோடு ஒப்பிடும்போது கீழ்க்கால் எலும்பு 3 மில்லிமீட்டருக்குள் முன்னே நகர்ந்தால் முட்டி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 5-ஐத் தாண்டினால் ஜவ்வு வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இடையில் இருப்பது 2 மில்லிமீட்டர்தான். பிடிப்பு பிய்ந்தே போக வேண்டியதில்லை, லேசாக வழுக்கினாலே ஆபரேஷன் பாதி வீண்.

ஸ்டிஃப்னஸ் என்று ஒரு வார்த்தை ரிப்போர்ட்டிலும் யூடியூபிலும் வருகிறதே?

எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதற்கான அளவு அது. பலம் வேறு, இது வேறு. பலமாக இருந்தும் நிறைய நீளக்கூடிய பொருள் உண்டு. முட்டி ஆட்டம் காணாமல் இருக்க நீளாமையும் வேண்டும்.

மெக்கானிக்கல் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேல் பிடிப்பு, கிராஃப்ட், கீழ் பிடிப்பு என மூன்று ஸ்பிரிங்குகள் வரிசையாகக் கோத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் கோத்தால் தலைகீழ் எண்களைக் கூட்ட வேண்டும். கிராஃப்டின் அளவு மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், மேல் பிடிப்பு 100, கீழ் பிடிப்பு 200 என்று உதாரணத்துக்கு எடுத்தால், மொத்தம் 62-ஐ ஒட்டித்தான் வரும். அதாவது மொத்த அளவு, வரிசையில் மிகக் குறைவான 100-ஐவிடவும் கீழே போய்விடுகிறது. இப்போது கிராஃப்டை மட்டும் இரட்டிப்பாக்கி 1,600 என்று போடுங்கள். விடை 64! பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மேல் பிடிப்பை 100-லிருந்து 200 ஆக்கினால் 89-க்கு ஏறிவிடும். கிராஃப்டைத் தடிமனாக்குவதைவிட முனையைச் சரியாகப் பிடிப்பது ஆரம்ப நாட்களில் ஏன் அதிகம் பலன் தருகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அசல் ஏசிஎல் இதே அளவில் 240-ஐ ஒட்டி இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிடிப்பு மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நீளும் பகுதி அதிகம். பட்டன் தூரத்தில் இருப்பதால், துளைக்குள் இருக்கும் கிராஃப்ட் நடக்கும்போது மேலும் கீழுமாகச் சற்று நகரும், பக்கவாட்டிலும் உரசும். சில மாதம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் துளை விரிந்து தெரிய இது ஒரு காரணம். மூட்டுத் திரவம் துளைக்குள் இறங்குவதையும் சொல்கிறார்கள். துளை விரிந்ததால் மட்டும் முட்டி தளர்ந்துவிடுவதில்லை. மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்ந்தால்தான் அது தலைவலி.

மேல் முனையா, கீழ் முனையா, எது முதலில் தளரும்?

கீழ் முனை. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதி தொடை எலும்பின் அந்த இடத்தைவிட மிருதுவானது. இழுவையும் கிட்டத்தட்ட துளையின் போக்கிலேயே விழுகிறது, நேராக உருவுவதற்கு வசதியாக. அதனால்தான் கீழே ஸ்க்ரூ போட்ட பிறகும் சில டாக்டர்கள் கூடுதல் பாதுகாப்பாக ஒரு ஸ்டேப்பிளோ, நூலைக் கட்டும் தனி ஸ்க்ரூவோ, இன்னொரு பட்டனோ வைப்பார்கள். "ஒண்ணுக்கு ரெண்டா வச்சு பில்லை ஏத்திட்டாங்க" என்று நினைக்க வேண்டாம், அதற்குக் காரணம் உண்டு.

எக்ஸ்ரேயில் பட்டன் எலும்புக்கு வெளியே நிற்கிறது. நழுவிவிட்டதா?

இல்லை, அது இருக்க வேண்டிய இடமே அதுதான். தகடு எலும்பின் வெளி ஓட்டை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். எலும்புக்கும் தகட்டுக்கும் நடுவில் தெளிவான இடைவெளி இருந்தாலோ, தகடு துளைக்குள்ளேயே திரும்பாமல் நின்றிருந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரேயை அனுப்பிக் கேட்பவர்களில் அநேகமாக எல்லோருக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

டைட்டானியமா, கரையும் ஸ்க்ரூவா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

டைட்டானியம் காந்தத்தால் இழுபடுவதில்லை. எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் கலங்கும். எடுக்கும் முன் அங்கே சொல்லிவிடுங்கள். கரையும் ஸ்க்ரூ உடனே கரைவதில்லை, வருடக்கணக்கில் ஆகும். சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டி வரும், ஏற்றும்போதே ஸ்க்ரூ உடைவதும் உண்டு. எலும்புச் சத்து கலந்த புதுவகைகள் எலும்பாக மாறுவதற்கு உதவ வந்தவை. பீக் என்ற பிளாஸ்டிக் கரையாது, எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ படத்தையும் கெடுக்காது. பிடிமானத்தில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை.

மீனாட்சியம்மன் கோயில் வாசல் சோதனையில் மாட்டுமா என்று கேட்கிறார்கள். இவ்வளவு சின்ன டைட்டானியத்துக்கு டிடெக்டர் கத்துவது அபூர்வம். விமானத்துக்குப் போனால் டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு நகல் கையில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

கிராஃப்டை எவ்வளவு இறுக்கி வைப்பார்கள்?

ஹேம்ஸ்ட்ரிங் என்றால் 80 நியூட்டன் அளவில் இழுத்து, முட்டியை ஏறக்குறைய நீட்டிய நிலையில் வைத்து இறுக்குவது வழக்கம். வைப்பதற்கு முன் மேசையிலேயே கிராஃப்டைக் கொஞ்ச நேரம் இழுத்து வைத்திருப்பார்கள். நாணுக்கு, இழுத்தபடி வைத்திருந்தால் மெல்ல நீண்டு இறுக்கம் குறையும் குணம் உண்டு. அந்த நீட்சியை உடம்புக்குள் போவதற்கு முன்பே வாங்கிவிடுவதுதான் நோக்கம். தளர்வாக வைத்தால் முட்டி ஆடும். மிஞ்சி இறுக்கினால் கால் முழுதாக நீளாது, குருத்தெலும்பின் மேல் அழுத்தமும் கூடும்.

எலும்போடு ஒட்டிக்கொள்ள எத்தனை நாள்?

எலும்புத் துண்டோடு வைத்த கிராஃப்ட் ஆறு வாரத்தில் ஒட்டிவிடும், எலும்பு முறிவு சேர்வதைப் போன்றதே இது. வெறும் நாண் என்றால் 8 முதல் 12 வாரம். 1993-ல் நாய்களிடம் செய்த ஆய்வில், எட்டு வாரம் வரை இழுத்தபோது நாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் இழுத்தபோது துளை விட்டுக்கொடுக்கவில்லை. எலும்புக்கும் நாணுக்கும் நடுவே இழைகள் வளர்ந்து பின்னிக்கொள்வதே காரணம். புகைபிடிப்பது இதைத் தாமதப்படுத்தும்.

அதோடு ஸ்க்ரூவின் வேலை முடிந்தது. ஆனால் அதே சமயத்தில் இன்னொன்று நடக்கிறது, அதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. உடம்பிலிருந்து பிரித்து எடுத்த நாணுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிட்டது. உள்ளே பழைய செல்கள் இறந்து, புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, நார்கள் மாற்றி அடுக்கப்படும் காலத்தில் கிராஃப்ட் ஆபரேஷன் அன்று இருந்ததைவிடப் பலவீனமாகிவிடுகிறது. விலங்கு ஆய்வுகளில் இது ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தை ஒட்டித் தெரிகிறது. பிறகு ஜவ்வின் குணத்துக்கு மாறித் தேற ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல்.

ஆக முதலில் முனை பலவீனம், அது தேறும்போது நடுப்பகுதி பலவீனம். வலியோ மூன்றாவது மாதத்தில் காணாமல் போய்விடுகிறது, வீக்கமும் வடிந்துவிடுகிறது. நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளும் கிராஃப்ட் மோசமாக இருக்கும் நாளும் ஒன்றாக வந்து விழுவதுதான் இந்த ஆபரேஷனில் எனக்குப் பிடிக்காத அம்சம்.

எந்தப் பயிற்சி பிடிப்பை இழுக்கும், எது இழுக்காது?

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சம்மதித்தவர்களின் நல்ல ஏசிஎல்லில் சின்னக் கருவி பொருத்தி, பயிற்சி செய்யச் சொல்லி, ஜவ்வு எத்தனை சதவீதம் நீள்கிறது என்று அளந்தார்கள். முட்டியை 15 டிகிரி மடக்கி வைத்து முன்தொடைத் தசையை இறுக்கியபோது 4.4 சதவீதம். 60, 90 டிகிரியில் அதே தசையை இறுக்கியபோது ஒன்றும் இல்லை. உட்கார்ந்து எழுவதில் 3.6. நிலையான சைக்கிள் மிதித்ததில் 1.7 மட்டுமே.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது: கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் கடைசி 30, 40 டிகிரியில், பாதம் தரையில் ஊன்றாமல் எடையோடு நீட்டுவது ஆரம்பத்தில் ஆபத்து. ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் செய்வது அதைத்தான். நாலாவது வாரத்திலிருந்து 90-லிருந்து 45 டிகிரி வரை மட்டும் என்று எல்லை வைத்து அதையே பயன்படுத்தலாம், பிறகு மெல்ல விரிக்கலாம். எடையில்லாமல் காலை முழுதாக நீட்டப் பழகுவது வேறு, அது முதல் வாரத்திலிருந்தே வேண்டும். அதைப் பயந்து தள்ளிப்போட்டால் முட்டி நீளாமலே நின்றுவிடும்.

ஹேம்ஸ்ட்ரிங் எடுத்தவர்கள் பின்தொடைக்கு எடை கட்டிய பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும்.

சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட்?

அவசரம் வேண்டாம். ஆழமாக மடக்கி எழும்போது உடல் எடை முழுக்க அங்கே விழுகிறது. முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பையும் தைத்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மூணு, நாலு மாதத்துக்கு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது மேலே வைக்கும் ஸ்டூல் போதும். வீட்டு விசேஷப் பந்தியில் தரையில் உட்கார வேண்டியிருந்தால் நாற்காலி கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

தையல் ஆறும் முன் கூடாது. ஆறிய பிறகு தோலை மென்மையாக நீவலாம். முட்டியைப் பிடித்துத் திருகி "சுளுக்கெடுப்பது" எப்போதுமே கூடாது.

அம்மாவுக்கு 58 வயது, ஸ்கூட்டியிலிருந்து விழுந்து ஏசிஎல் கிழிந்திருக்கிறது. ஸ்க்ரூ நிற்குமா?

முதல் கேள்வி ஆபரேஷன் வேண்டுமா என்பதே. நடக்கும்போது முட்டி மடங்கிவிடவில்லை, விளையாட்டும் இல்லை என்றால், தசைப் பயிற்சியிலேயே பலர் நன்றாக இருக்கிறார்கள். செய்துதான் ஆக வேண்டும் என்றால், எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கும்போது உராய்வை நம்பும் ஸ்க்ரூவைவிட வெளி ஓட்டை நம்பும் பட்டனும், கீழே கூடுதல் பிடிப்பும் பொருத்தமாக இருக்கும். டாக்டரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த பொங்கலுக்கு வாடிவாசலில் இறங்கலாமா? கபடி எப்போது?

ஒன்பது மாதத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். 2016-ல் வந்த நார்வே, அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. ஜூனில் ஆபரேஷன் செய்துகொண்டு தை முதல் நாள் அவனியாபுரத்தில் நிற்கிறேன் என்றால், அது ஏழு மாதம்தான், கணக்கு இடிக்கிறது. பிப்ரவரியில் செய்தவருக்கு அடுத்த தைக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கும். அவரும் மாதத்தை மட்டும் காட்டக் கூடாது. முன்தொடைத் தசையின் பலம் நல்ல காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் சோதனைகள் தேற வேண்டும்.

கபடியில் ரெய்டு போய் ஒரு காலை ஊன்றித் திரும்புவதைப் படிப்படியாகப் பழக்கலாம், எதிரில் இருப்பவரும் பழகிய ஆட்டக்காரர். மாடு அப்படியில்லை, எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதற்கே தெரியாது. திமிலைப் பிடித்துத் தொங்கும்போது பாதம் மண்ணில் மாட்டி உடம்பு திரும்பினால் அதுதான் ஏசிஎல் கிழியும் அதே நிலை. என்னைக் கேட்டால் ஒரு வருடம் பார்வையாளர் மேடையிலிருந்து பாருங்கள் என்பேன். கேட்பவர்கள் குறைவு.

ஸ்க்ரூவைப் பிறகு எடுக்க வேண்டுமா?

தொந்தரவில்லை என்றால் உள்ளேயே இருக்கட்டும். கீழே வைத்த ஸ்டேப்பிளோ ஸ்க்ரூ தலையோ தோலுக்கு அடியில் துருத்தினால், முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் தொழுகிறவர்களுக்கும் குத்தும். அப்போது ஒரு வருடம் கழித்து எடுத்துவிடலாம்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தேதி வாங்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். ஸ்க்ரூவும் பட்டனும் அதற்குள் அடங்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவையும் மறந்துவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்த நாண், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், மேலே என்ன பிடிப்பு, கீழே என்ன பிடிப்பு, மெனிஸ்கஸ் தைத்தார்களா. இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும். இவை இல்லாமல் வருகிறவருக்குப் பயிற்சியை எங்கே நிறுத்துவது என்று எந்த பிசியோவாலும் சரியாகச் சொல்ல முடியாது.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

வழுக்கி விழுந்து "டப்" என்று சத்தம் கேட்டு முட்டி உடனே வீங்கினால். காய்ச்சலோடு முட்டி சூடாகி, தையலில் நீர் கசிந்தால். நன்றாக நடந்தவருக்குத் திடீரென்று கால் நழுவுவது போல இருந்தால். கெண்டைக்கால் வீங்கி, தொட்டாலே வலித்தால், அது ரத்தக்கட்டாக இருக்கலாம், காலை வரை காத்திருக்க வேண்டாம். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.